வலியைச் சொல்வது பொறுமைக்கு விரோதமா?

பனூ இஸ்ராயீல்களுக்கு எல்லா உணவும் ஆகுமாக்கப்பட்டிருந்தது என்றும், தவ்ராத் இறங்குவதற்கு முன் இஸ்ராயீல் தம்மீது தாமே விலக்கிக் கொண்டவை மட்டுமே அதற்குப் புறம்பு என்றும் ஆல இம்ரான் சூராவின் 93-வது ஆயத்தில் அல்லாஹ் தஆலா அறிவிக்கிறான். இஸ்ராயீல் என்பது யஃகூப் நபி (அலை) அவர்களுக்குரிய மறுபெயர். அவர்கள் எதை விலக்கினார்கள், ஏன் விலக்கினார்கள் என்பதை விளக்கும் இடத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு செய்தியை முபஸ்ஸிர்கள் எடுத்து எழுதுகிறார்கள். யஃகூப் (அலை) அவர்களுக்கு ஒரு நோய் கண்டிருந்தது. இரவானால் அது பிடித்துக் கொள்ளும். உறக்கமின்றி வேதனையில் சப்தமிடுவார்கள். இதிலிருந்து ஷிஃபா கிடைத்தால் தமக்கு மிக விருப்பமான உணவை விட்டுவிடுவதாக நேர்ந்து கொண்டார்கள். அந்த விருப்பமான உணவு ஒட்டக இறைச்சியும் ஒட்டகப் பாலும் என்று அச்செய்தி கூறுகிறது.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது அந்த நோயின் பெயரை. ‘இர்குன் நஸா’ என்று அரபியில் சொல்வார்கள். யூனானி ஹகீம்கள் இன்றும் இப்பெயரையே வழங்குகிறார்கள். ஆங்கில மருத்துவர்கள் சயாட்டிக்கா என்பார்கள். இடுப்பிலிருந்து புறப்பட்டு, தொடையின் பின்புறமாக இறங்கிப் பாதம் வரை செல்லும் பெரிய நரம்பு நசுங்கினாலோ எரிச்சலுற்றாலோ அந்த வழி நெடுகச் சுண்டி இழுக்கும் வலி அது. ஆக, நபிமார்களில் ஒருவர், அதுவும் நபிமார்களின் தகப்பனார், நரம்பு வலியால் இரவெல்லாம் துடித்திருக்கிறார்கள். துடித்ததைத் தப்ஸீர்களும் மறைக்கவில்லை.

இதை ஏன் முதலில் எடுத்து வைக்கிறோம் என்றால், நீண்ட கால நரம்பு வலியுடன் வாழும் சகோதர சகோதரிகள் பலர் ஒரே கேள்வியை நம்மிடம் பல விதமாகக் கேட்டு வருகிறார்கள். “ஹஜரத், வலிக்குது என்று சொன்னால் ஸப்ரு போய்விடுமா? சொல்லாமல் இருந்தால் வீட்டில் நம்பமாட்டேன் என்கிறார்கள். சொன்னால் எப்போது பார்த்தாலும் புலம்பல் என்கிறார்கள்.” வலியைக் காட்டிலும் இந்தச் சிக்கல்தான் அவர்களை அதிகம் வாட்டுகிறது என்பதை அவர்கள் முகத்திலிருந்தே அறிந்து கொள்ளலாம்.

இது என்ன வலி?

காலில் முள் தைத்தால் வலிக்கிறது. முள்ளை எடுத்துவிட்டால் புண் ஆறுகிறது, வலியும் போகிறது. இந்த வலி ஒரு காவலாளி. அபாயம் வந்தால் கூவுவான், அபாயம் நீங்கினால் அடங்குவான். நரம்பு வலி இவ்வகையைச் சேர்ந்ததன்று. இங்கே கெட்டுப் போனது காவலாளியே. செய்தி கொண்டு செல்லும் நரம்பே பழுதாகிவிடுவதால், முள்ளும் இல்லை, புண்ணும் இல்லை, ஆயினும் கூவல் ஓய்வதில்லை. வாசலில் ஆளில்லாமல் அழைப்பு மணி தானாக அடித்துக் கொண்டிருப்பதை ஒக்கும் இது. எரிச்சல், ஊசி குத்துதல், மின்சாரம் தாக்கினாற் போன்ற வெட்டு, மரமரப்பு என்று நோயாளிகள் இதை விதவிதமாகச் சொல்கிறார்கள். சட்டைத் துணி உரசினால்கூடத் தாங்க முடியாது என்பவரும், மின்விசிறிக் காற்று பட்டாலே கன்னத்தில் வெட்டுகிறது என்பவரும் பொய் சொல்லவில்லை. சாதாரணத் தொடுதலையே வலியாக மாற்றிவிடுவது இந்நோயின் குணம்.

நம் வீடுகளில் அதிகம் காணப்படுவது சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சல். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகளை ஏறத்தாழ 10 கோடி என்று மதிப்பிட்டது. அவர்கள் எல்லோருக்கும் நரம்பு கெடும் என்பதில்லை. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் ஆண்டுகள் கழியக் கழிய அந்த அபாயம் கூடுகிறது. சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்து, அதனாலும் கால் மரத்துப் போவதுண்டு. ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருத்துவரிடம் கேட்டுப் பார்த்துக் கொள்வது நல்லது.

அடுத்தது அக்கிக்குப் பின் வரும் வலி. சிறு வயதில் அம்மை போட்டு ஆறிய பிறகும் அந்தக் கிருமி நரம்பின் அடியில் உறங்கிக் கிடக்கும். வயதான காலத்தில், அல்லது உடல் நலிந்த காலத்தில், அது விழித்துக் கொண்டு ஒரு பக்கமாகக் கொப்புளங்களாகக் கிளம்பும். கொப்புளம் காய்ந்து மாதங்கள் ஆன பின்னும் சிலருக்கு எரிச்சல் நிற்பதில்லை. நம் ஊர்களில் அக்கி கண்டவுடன் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி எழுதிக் கொள்வது பழக்கம். காவியால் கெடுதி வருகிறதோ இல்லையோ, காலம் போவதால் நிச்சயமாகக் கெடுதி வருகிறது. அக்கிக்குரிய கிருமி மருந்தைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே மிகுந்த பலன் தரும் என்பது மருத்துவர்களின் தீர்மானமான சொல். கண்ணருகே அக்கி வந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மூன்றாவது வகை, முக நரம்பு வலி. பல் துலக்கினாலும், ஒரு கவளம் மென்றாலும் கன்னத்தில் மின்னல் வெட்டும். பல் வலி என்று எண்ணி நல்ல பற்களைப் பிடுங்கிக் கொண்டவர்களும் உண்டு.

இந்த வலிகள் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. மெல்லிய நரம்பிழைகள் மட்டும் கெட்டிருந்தால் நரம்புக்கான மின்சோதனையிலும் தெரியாமல் போவதுண்டு. தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் கேட்கும் சாதாரண மாத்திரைகள் இதற்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. சோதனையில் ஒன்றுமில்லை, மாத்திரையும் கேட்கவில்லை, ஆகவே நோயே இல்லை என்று வீட்டார் தீர்ப்பளித்து விடுகிறார்கள். மாமியாருக்கு மருமகளின் வலியும், மகனுக்குத் தகப்பனாரின் வலியும் நடிப்பாகத் தோன்றத் தொடங்குவது இங்கேதான். வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-ல் வலிக்குரிய வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அச்சொல்லை மதிக்க வேண்டும் என்பதையும் அதனுடன் சேர்த்தே எழுதி வைத்தது. ஒரு முஸ்லிமைப் பற்றி நல்லெண்ணம் கொள்ளக் கட்டளையிடப்பட்ட நமக்கு இது புதிய பாடமன்று.

சொல்வது தவறா?

அய்யூப் (அலை) அவர்களைப் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்லாத முஸ்லிம் வீடு இல்லை. அவர்கள் தமக்குத் துன்பம் தீண்டிவிட்டதாகத் தம் இரட்சகனை அழைத்து முறையிட்டதை அல்லாஹ்வே திருமறையில் எடுத்துரைக்கிறான். அதே அல்லாஹ், ஸாத் சூராவில் அவர்களைப் பொறுமையாளராகக் கண்டதாகவும் புகழ்கிறான். முறையிட்டதால் பொறுமையாளர் பட்டியலிலிருந்து அவர்கள் பெயர் நீங்கவில்லை. யஃகூப் (அலை) அவர்களும் அழகிய பொறுமையை மேற்கொள்வதாகச் சொன்னவர்கள்தாம். சொன்னவர்களே மகனைப் பிரிந்த துக்கத்தால் கண் வெளுக்கும் வரை வருந்தினார்கள், தம் துக்கத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள்.

“அல்லாஹ்விடம் சொல்லலாம், மனிதரிடம் சொல்லலாமா?” என்று கேட்பார்கள். சொல்லலாம். நோயாளி தமக்கு வலிக்கிறது என்று சொல்வதற்கு அனுமதி உண்டு என்பதற்காகவே இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹில் ஒரு பாடம் அமைத்திருக்கிறார்கள். அதில் வரும் நிகழ்ச்சி அழகானது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கடும் தலைவலியால் தலையைச் சொல்லிப் புலம்புகிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பொறுமையைப் பற்றி உபதேசம் செய்யவில்லை. தமக்கும்தான் தலை வலிக்கிறது என்று பதில் சொன்னார்கள். மற்றொரு சமயம் நாயகம் (ஸல்) அவர்கள் காய்ச்சலாயிருந்தபோது இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் மிகக் கடுமையாயிருக்கிறதே என்றார்கள். ஆம், உங்களில் இருவருக்குரிய வேதனை தமக்கு ஏற்படுவதாக நாயகம் (ஸல்) அவர்கள் ஒளிவின்றிச் சொன்னார்கள்.

விலக்கப்பட்டது எது? அல்லாஹ்வின் தீர்ப்பில் கோபம் கொள்வதும், அவன் தன்னை அநீதமாக நடத்திவிட்டதாகப் பேசுவதும்தான். மருத்துவரிடம், மனைவியிடம், கணவரிடம், பிள்ளைகளிடம், தன்னைப் போல் நோயுற்றவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்வது புகார் அன்று, செய்தி. மருத்துவரிடம் வெட்கப்பட்டு ‘பரவாயில்லை’ என்று சொல்லி, சரியான மருந்து கிடைக்காமல் திரும்பும் பெண்மணிகளை நாம் அறிவோம். அது ஸப்ரு ஆகாது. மருந்து செய்து கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்களே ஏவியிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால்தான் அந்த ஏவலை நிறைவேற்ற முடியும்.

ஒத்த நோயாளிகள் கூடி இருப்பது

நாம் இமாமத் செய்யும் மஹல்லாவில், சில ஆண்டுகளாக, இஷாவுக்குப் பின் பள்ளித் திண்ணையில் ஐந்தாறு பேர் சற்று நேரம் உட்காருகிறார்கள். ஒருவர் லாரி ஓட்டி ஓய்ந்தவர், ஒருவர் டீக்கடை வைத்திருப்பவர், ஒருவர் அக்கி வந்து விலாப்புறம் எரிபவர், மற்றவர்கள் சர்க்கரைக்காரர்கள். யாரும் இதற்குச் சங்கம் என்று பெயர் வைக்கவில்லை, தலைவர் செயலாளரும் இல்லை. நம் சமுதாயத்தில் அவை வந்தால் வேலை கெடும் என்பது நம் எண்ணம்! ஒருவர் வந்து உட்கார்ந்ததும் மற்றவர் கேட்கும் கேள்வி, “காக்கா, நேத்து ராத்திரி எத்தனை மணிக்குக் கண் மூடினீங்க?” என்பதுதான். வலி எப்படி இருக்கிறது என்று ஊரில் எல்லோரும் கேட்பார்கள். உறக்கம் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்க அதே வலியில் படுத்துப் புரண்டவருக்குத்தான் தெரியும். போர்வையைக் காலில் படாமல் தூக்கி வைக்கக் கட்டிலின் கால்மாட்டில் அட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைக்கும் உபாயத்தை அவர்களில் ஒருவர்தாம் மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்தார். எந்தக் கிதாபிலும் நாம் அதைப் படித்ததில்லை. இதைக் கேள்விப்பட்டுப் பெண்கள் சிலரும் ஒரு ராத்தாவின் வீட்டில் அஸருக்குப் பின் கூடுகிறார்கள்.

இப்படிக் கூடுவோர் ஆலோசனை சொல்லும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று அபூதாவூதில் உள்ளது. பயணம் ஒன்றில் ஒருவர் தலையில் கல் பட்டுக் காயமுற்றார். பிறகு அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்து கொள்ளலாமா என்று உடன் வந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதியில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தி எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபித்து, அவர்களே அவரைக் கொன்றுவிட்டதாகக் கூறினார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதல்லவா என்பது அவர்கள் உரையின் கருத்து. உடன் வந்தவர்கள் பகைவர்கள் அல்லர். மார்க்கப் பற்றுள்ள தோழர்கள்தாம். தெரியாததைத் தெரிந்தது போல் சொன்னதே குற்றம்.

நம் திண்ணைக்கு வரும் ஒருவரிடம் வெளியூர் அன்பர் ஒருவர், “இந்த மாத்திரையெல்லாம் எதற்கு, யகீன் இருந்தால் போதும்” என்று சொல்லிவிட்டுப் போனார். இவரும் இரவு மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். நான்கு நாள் உறக்கமில்லை, படபடப்பு, வியர்வை, முன்னிலும் கடும் எரிச்சல். டீக்கடைக்காரர்தாம் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். கபபென்டின், ப்ரீகபாலின், அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெடின் போன்ற நரம்பு மருந்துகளைத் திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகவே குறைக்க வேண்டும். இவற்றில் சில, மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் கொடுக்கப்படுபவை. சீட்டைப் படித்த பிள்ளைகள் “வாப்பாவுக்குப் பைத்திய மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்” என்று பதறுகிறார்கள். பைத்தியம் ஒன்றுமில்லை. அதே மருந்து குறைந்த அளவில், ஓயாது கூவும் நரம்பை அமர்த்துகிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் தலை சுற்றும், உறக்கம் வரும். வலி முழுவதும் நீங்குவது பலருக்குக் கிடைப்பதில்லை. பாதி குறைந்து, இரவில் நான்கைந்து மணி நேரம் தூங்க முடிந்தாலே அதைப் பெரிய நிஃமத்தாகக் கருதுகிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லி வைப்பதும் ஒத்த நோயாளி செய்யும் பேருதவி.

ஆகவே அவர்களுக்குள் ஓர் ஒழுங்கு ஏற்பட்டிருக்கிறது. தமக்குக் கேட்ட மருந்தின் பெயரைச் சொல்லலாம், மாத்திரையைக் கைமாற்றக் கூடாது. ‘எனக்கு இப்படி இருந்தது’ என்று பேசலாம், ‘நீ இப்படிச் செய்’ என்று ஹுக்மு போடக் கூடாது. உன் வலி என்ன வலி, என் வலியைப் பார் என்று போட்டியிடக் கூடாது. மருத்துவமனைக்குத் தனியே போக அஞ்சுபவருடன் ஒருவர் போக வேண்டும். மரத்துப் போன காலில் ஹிஜாமா செய்து கொள்ளலாமா என்று கேட்பவருக்கும் மருத்துவரைக் கேட்காமல் கத்தி வைக்காதீர்கள் என்பதே நமது பதில். சர்க்கரைக்காரரின் காலில் சிறு கீறலும் ஆறாத புண்ணாகும் அபாயம் உண்டு. இடுப்பு வலியுள்ளவருக்குச் சிறுநீர் தடைப்பட்டாலோ, அடக்க முடியாமல் போனாலோ, உட்காருமிடம் மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ யாருடைய யோசனைக்கும் காத்திராமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறோம். நெடுநாள் வலியில் சிலருக்கு ‘மவுத்து வந்தால் தேவலை’ என்ற எண்ணம் வருகிறது. ஒரு நாள் இரவு திண்ணையில் ஒருவர் அதை வாய்விட்டே சொன்னார். அங்கிருந்தோர் அவரைக் கண்டிக்கவில்லை. ஈமான் போய்விட்டதாகவும் சொல்லவில்லை. லாரிக்காரர் அவரை வீடு வரை கொண்டு விட்டு, மறு நாள் காலையிலும் போய்ப் பார்த்தார். வந்த துன்பத்துக்காக மரணத்தை விரும்ப வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை நாம் அறிவோம். தடுத்தவர்கள் அத்துடன் விட்டுவிடவில்லை. சொல்லியே தீர வேண்டுமானால், வாழ்வு நலமாயிருக்கும் வரை வாழ வைக்கவும், மரணமே நலமானால் எடுத்துக் கொள்ளவும் அல்லாஹ்விடம் கேட்கும்படி வழியும் காட்டினார்கள். அந்த அளவுக்கு மனம் தளரும் மனிதர் உண்டு என்பதை மார்க்கம் அறிந்தே வைத்திருக்கிறது. அத்தகையவரைத் தனியே விடாதீர்கள், வீட்டாருக்குத் தெரிவியுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மனஸ் மனநல உதவி இலவசமாக இரவும் பகலும் கிடைக்கிறது. அந்த எண்ணைச் சுழற்றுவதில் வெட்கமில்லை.

நோய் விசாரிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நோயாளி மீது கை வைத்து துஆச் செய்வது ஸுன்னத்து. ஆனால் இந்த நோயாளியைத் தொடுமுன் கேளுங்கள். அன்புடன் அழுத்தும் முஸாபஹாவே அவருக்கு வேதனையாகலாம். ஸஃப்பில் தோளோடு தோள் நெருக்கும்போதும், விலாவில் அக்கி வலி உள்ளவருக்குச் சற்று இடம் விடுங்கள்.

ஒளுவும் தொழுகையும் நோன்பும்

நரம்பு வலிக்காரர்களுக்கு ஒளுவே பெரிய சோதனை. குளிர்ந்த நீர் பட்டால் எரிகிறவர்கள் முதலில் வெதுவெதுப்பான நீரைத் தேடிக் கொள்ள வேண்டும். கால் மரத்துப் போன சர்க்கரைக்காரர் சூட்டைக் காலால் பரிசோதிக்கவே கூடாது. கொதிநீர் பட்டாலும் அவருக்குத் தெரியாது. முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும், அல்லது வீட்டில் ஒருவர் பார்த்துக் கொடுக்கட்டும். ஒளுச் செய்த பின் கால் விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். தினமும் இரவில் பாதத்தின் அடியை ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். வெயில் நேரத்து ளுஹருக்கு ஹவுளிலிருந்து பள்ளி வாசற்படி வரை கொதிக்கும் கல்லில் வெறுங்காலுடன் நடந்து, வலி தெரியாமல் பாதம் வெந்து போனவர்கள் உண்டு. அவ்விடத்தில் ஒரு தென்னோலைப் பாயோ சணல் விரிப்போ போட்டு வைப்பது பள்ளி நிர்வாகிகளுக்கு அதிகச் செலவு வைக்காது.

முக நரம்பு வலி உள்ளவர்கள் அறிய வேண்டியது: ஒளுவில் வாய் கொப்பளிப்பது ஷாபிஈ, ஹனபீ இரு மத்ஹபிலும் ஸுன்னத்து. அது வலியைத் தூண்டுமானால் விட்டுவிடலாம். முகம் கழுவுவது பர்ளு. ஆனால் தேய்ப்பது இவ்விரு மத்ஹபிலும் பர்ளு அன்று. தண்ணீரை முகத்தில் அறையாமல், நெற்றியிலிருந்து மெதுவாக வழிய விட்டால் நிறைவேறிவிடும். தண்ணீரால் நோய் கூடும் அல்லது குணம் தாமதமாகும் என்று நம்பிக்கையான மருத்துவர் சொன்னால் தயம்முமுக்கு அனுமதி உண்டு. ஓர் உறுப்புக்கு மட்டும் தண்ணீர் ஆகாது என்றால் சட்டம் மத்ஹபுக்கு மத்ஹபு வேறுபடும். உங்கள் ஊர் ஆலிமிடம் நிலைமையை விவரித்துக் கேட்டுக் கொள்ளுங்கள்.

தொழுகையில் அடிப்படை, இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மூல நோயால் வருந்திய அவர்களிடம், நின்று தொழவும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் விலாப்புறமாகப் படுத்தும் தொழவும் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இயலாமை என்றால் அறவே எழ முடியாமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. கடும் சிரமமோ நோய் கூடும் என்ற அச்சமோ போதும் என்று இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். தொழுகையின் பயபக்தியே போய்விடும் அளவுக்குச் சிரமம் என்று இமாமுல் ஹரமைன் (ரஹ்) அளவு சொன்னார்கள். காலில் மின்னல் வெட்ட வெட்ட நின்று, எத்தனை ரக்அத் என்பதே நினைவில்லாமல் தொழுபவர் இதைக் கவனிக்கட்டும். நிற்க இயலும், ஆனால் ஸுஜூதுக்குக் குனிய இயலாது என்பவர் ஷாபிஈ மத்ஹபில் நின்று தொழுது, ருகூஃவையும் ஸுஜூதையும் இயன்ற அளவு சைகையால் செய்ய வேண்டும். ஹனபீ மத்ஹபில் அவருக்கு நிற்பது கடமையில்லை. உட்கார்ந்து சைகையால் தொழலாம். அத்தஹிய்யாத்தில் காலை மடக்க முடியாதவர் தமக்கு இயன்ற விதத்தில், காலை நீட்டியும்கூட, உட்காரலாம். நாற்காலியில் உட்கார்ந்தவரைப் பார்த்து, “நேற்று கடைத்தெருவில் நடந்தாரே” என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். நரம்பு வலி ஒரு நாள் போல் மறு நாள் இராது. காலையில் நடந்தவர் மாலையில் எழ முடியாமல் கிடப்பதுண்டு. ஆரோக்கியமாயிருந்தபோது செய்து வந்த அமல்களின் நன்மை நோயாளிக்கு எழுதப்படுகிறது என்பதும் ஸஹீஹான ஹதீஸின் கருத்து.

நோன்பு விஷயத்தில் மருந்து வேளைதான் கேள்வி. ஒரு வேளை, இரு வேளை மாத்திரைகளைப் பெரும்பாலும் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக் கொள்ள முடியும். கபபென்டினைப் பலருக்கு மூன்று வேளையாகக் கொடுக்கிறார்கள். அதை நாமாக இரு வேளையாக்கவும், இரண்டைச் சேர்த்து விழுங்கவும் கூடாது. இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கிவிடும் அபாயமும் உண்டு. நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு நோற்கும் சலுகையைத் திருமறையே தந்திருக்கிறது. குணமாகும் நம்பிக்கையே இல்லாத நோய் என்று மருத்துவர் தீர்மானித்தால், ஒரு நோன்புக்கு ஷாபிஈ மத்ஹபில் ஒரு முத்து அளவு தானியமும், ஹனபீ மத்ஹபில் அரை ஸாவு கோதுமை அல்லது அதன் கிரயமும் ஃபித்யாவாக ஏழைக்குக் கொடுக்க வேண்டும். ரமளான் பிறை பார்த்த பிறகு மாத்திரைச் சீட்டைத் தூக்கிக் கொண்டு ஓடுவதில் பயனில்லை. மருந்து வேளையை மாற்றி உடல் பழகச் சில வாரங்கள் பிடிக்கும். ஷஃபான் மாதம் தொடங்கியதுமே சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக் கொண்டு முதலில் மருத்துவரிடமும், பிறகு அவர் சொன்னதைக் குறித்துக் கொண்டு ஆலிமிடமும் போய்க் கேளுங்கள். தனியே போக இயலாதவர், இஷாவுக்குப் பின் திண்ணையில் உட்காரும் எவரையேனும் கூப்பிட்டுக் கொள்ளலாம்.